மூன்றாவது பொத்தான்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான், சின்னவள் எல்லோரும் சௌக்கியமா? கேட்காமலேயே எழுதிவிடுவாய், ஆனாலும் கேட்கிறேன்: அம்மா எப்படி இருக்கிறாள்?

ஒருவழியாகத் தொடங்கிவிட்டோம் அக்கா. என் முதல் தொகுப்பு. ஒன்பது பாட்டு, எல்லாம் நானே எழுதி மெட்டுப் போட்டவை. என் கிடார், என் குரல், இரண்டு பாட்டுக்கு மட்டும் ஒருவர் வயலின். தொகுப்புக்கு ‘மறுதையல்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். தையல்காரி மகள் வேறென்ன பெயர் வைப்பாள்?

ரெக்கார்டிங்காரர் வீட்டுப் பின்னறைதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்திருக்கிறார். பாடும்போது சமையலறை ஃபிரிட்ஜின் முனகல் பதிவாகிறது என்று அதை அணைத்துவிடுவார். திரும்பப் போட மறந்து இரண்டு முறை பால் கெட்டுப்போய், அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. இப்போது தன் ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத்தான் அணைக்கிறார். வெளியே கிளம்பச் சாவியைத் தேடும்போது ஞாபகம் வந்துவிடுமாம்.

எட்டுப் பாட்டைப் பற்றிக் கவலையில்லை. ஒன்பதாவதுதான் அந்தப் பாட்டு. மூன்று வருஷத்துக்கு முன் புத்தகக் கடை மாடியில் நான் முதல் முதலாகப் பாடினேனே, நீயும் அம்மாவும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தீர்களே, அது. அப்பா கடைசியாகப் போட்டிருந்த சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லாததும், தெருவுக்கெல்லாம் துணி தைக்கிற அம்மா அதை மட்டும் தைக்காமலே வைத்திருப்பதும்தான் பாட்டு. கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது உனக்கு மறந்திருக்காது. “இனி உன் பாட்டு என் காதுல விழவே கூடாது.” நானும் “சரி” என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் வேண்டாம் என்றால் அந்தப் பாட்டைப் போடமாட்டேன். ஆனால் முதலில் மற்றவற்றைக் கேட்கட்டும். ஒவ்வொன்றாகக் கேசட்டில் அனுப்புகிறேன். தற்செயலாகப் போடுவதுபோல் அவள் இருக்கும் அறையில் போடு. என்ன சொல்கிறாள் என்று எழுது.

உன் தங்கை

ஜனவரி 24

அன்புள்ள ரேடியோவுக்கு,

கடவுள் அருளால் எல்லோரும் நலம். உன் பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆசையாக இருந்தது. வாய் மூடாமல் பாடுகிறாள் என்று அம்மா வைத்த பெயர்தானே. என் முழங்கால் அப்படியேதான், மாடிப்படி ஏறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நம் வீட்டு எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதே. போன மாதம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தேவைப்படவில்லை. எதுவானாலும் கடிதமாக எழுது.

முதல் கேசட் வந்தது. அம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டு போட்டுவிட்டேன். அவள் தலை நிமிரவில்லை, எழுந்தும் போகவில்லை.

இரண்டாவது வரிக்கு முன்னால் நீ மூச்சு இழுப்பது கேட்கிறதே, அதை அழித்துவிட வேண்டாமாம். அது இருந்தால்தான் யாரோ எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறதாம். அம்மா சொன்னாள்.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா சொன்னாளா? எந்தக் குரலில் சொன்னாள்? சிடுசிடுவென்றா, சாதாரணமாகவா? இதையெல்லாம் எழுத மாட்டாயா நீ?

ரெக்கார்டிங்காரர் அந்த மூச்சை வெட்டி எடுத்துவிட்டிருந்தார். திரும்ப வைக்கச் சொன்னேன். “யார் சொன்னது?” என்றார். “எங்கம்மா” என்றேன். இரண்டு முறை போட்டுக் கேட்டுவிட்டு, “உங்கம்மாவுக்கு நல்ல காது” என்றார்.

இரண்டாவதும் மூன்றாவதும் இதற்குள் வந்திருக்கும். இத்துடன் நான்காவது, ஐந்தாவது பாட்டுகள். ஐந்தாவதில் எனக்கே என்னவோ உறுத்துகிறது. அம்மாவிடம் கேள். அவளுக்குப் பேனா பிடிக்க நேரமிருந்தால் ஒரு வரி அவளையே எழுதச் சொல். கட்டாயமில்லை.

சின்னவளுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை

மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சின்னவளுக்குப் பரீட்சை, அத்தானுக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது.

ஐந்தாவது பாட்டு ஓடுகிறது. யாரோ துரத்துவதுபோல் ஓடுகிறது. பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போகிறவள் பாடும் பாட்டல்லவா, அவள் எதற்கு ஓடவேண்டும்? நிதானமாகப் பாடினால் போதும். நான்காவது குறையில்லை. வயலின் வருகிற இடத்தில் அடுப்பில் வைத்ததை மறந்து நின்றுவிட்டேன். அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

அம்மா தையலைக் குறைத்துக்கொண்டாள். போன வாரம் ஊசி உடைந்தது தெரியாமல் ஒரு முழ நீளத்துக்கு ஓட்டிக்கொண்டே போயிருக்கிறாள். பிரார்த்தனை நேரத்தில் முன்னைவிட அதிகமாக உட்கார்ந்திருக்கிறாள். வயதாகிறது இல்லையா.

ஒரு நாள் வந்து பார்க்கட்டுமா என்று கேசட் உறையில் பென்சிலால் எழுதியிருந்தாய். இப்போது வேண்டாம் கண்ணு. உன் வேலை முடியட்டும்.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். மூன்று வருஷமாக உங்களுக்கு எழுதாத கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் வேலை விஷயமாகவே எழுதுகிறேன்.

நான் அனுப்பிய பாட்டுகளை நீங்கள் கேட்டீர்கள் என்று அக்கா எழுதினாள். நீங்கள் சொன்னபடி மூச்சை வைத்தேன், ஐந்தாவதை நிதானமாக்கினேன். நீங்கள் சொன்ன எதுவும் தப்பாகவில்லை.

இத்துடன் இருப்பது ஒன்பதாவது. உங்களுக்குத் தெரிந்ததுதான். பாடும் விதத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். வட்டுகள் அச்சடிக்கக் கொடுக்குமுன் உங்கள் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன், எடுத்துவிடுவேன். எதுவானாலும் முழுசாக ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

உங்கள் மகள்

மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். அத்தானின் தங்கைக்குப் பிரசவம், உதவிக்குப் பத்து நாள் அங்கே போகிறேன். அம்மாவும் அத்தானும் வீட்டில் இருப்பார்கள். நான் திரும்பி வந்து எழுதும்வரை கேசட் எதுவும் அனுப்பாதே. மறக்காதே. நான் வந்த பிறகு.

உன் அக்கா

மார்ச் 27

அன்பு மகளுக்கு,

ஆசீர்வாதம். நான் சுகமாக இருக்கிறேன். நீ இளைத்துவிட்டதாக அக்கா சொன்னாள், அவளுக்கு யார் சொன்னார்களோ. நன்றாகச் சாப்பிடு.

நீ அனுப்பியது வந்தது. அக்கா வீட்டில் இல்லை. நானே போட்டேன். கேசட் ஓடி முடியும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப மெதுவாகப் பாடியிருக்கிறாய். அடக்கமாக, நன்றாக இருக்கிறது. முன்னே பாடியதைவிட இது மேல்.

போட்டுக்கொள். எனக்குச் சம்மதம்.

உனக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அம்மா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நான் நலமில்லை. நீங்களெல்லாம் நலமாக இருப்பீர்கள்.

அம்மா எனக்குக் கடிதம் எழுதினாள் தெரியுமா? நான்கு நாள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ரெக்கார்டிங்காரரிடம் படித்தும் காட்டினேன். அவர் கையில் வாங்கி இன்னொரு முறை படித்தார். பிறகு தன் நோட்டைத் திறந்து பார்த்தார். கேசட்டில் முதலில் பெயரை எழுதி ஒட்டிவிட்டு அப்புறம்தான் பாட்டை ஏற்றுவது அவர் பழக்கம். ஏற்றியதும் நோட்டில் ஒரு டிக். ஒன்பதாவதற்கு டிக் இல்லை. நான் அவசரத்தில் பெயரைப் பார்த்துவிட்டு மேஜையிலிருந்து எடுத்து வந்திருக்கிறேன். “நீங்க அனுப்பினதுல ஒண்ணுமே இல்லைம்மா. வெறும் கேசட்” என்றார். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெறும் கேசட்டைக் கேட்டுவிட்டுத்தான் அம்மா அடக்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். போடவே இல்லை அக்கா. டேப் பெட்டியைத் தொடக்கூட இல்லை. திட்டியிருக்கலாம், கிழித்து அனுப்பியிருக்கலாம். முழுசாக ஒருமுறை கேளுங்கள் என்று கெஞ்சியிருந்தேன். என் பாட்டு காதில் விழக்கூடாது என்று சொன்னவள் சொன்னபடியே இருக்கிறாள், பிச்சை போடுவதுபோல் சம்மதத்தை மட்டும் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

எட்டுப் பாட்டோடு அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். அவளிடம் எதுவும் சொல்லவேண்டாம். உன் மேல் கோபமில்லை.

தங்கை

ஏப்ரல் 10

என் தங்கைக்கு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

அம்மா கேசட்டைப் போட்டாள். போட்டுவிட்டுப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அத்தான் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க ஓடி நிற்கும்வரை எடுக்கவில்லை. எப்போதும் கைக்குக் கொஞ்சம் அதிர்வு தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. நீ மெதுவாகப் பாடியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குக் காது கேட்காது.

ஒன்றரை வருஷமாகிறது. ஒரு காலையில் இடது காது போயிற்று. பதினோரு நாளில் வலதும். மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். நரம்பு என்றார்கள். கருவி வைத்தால் இரைச்சல்தான் வருகிறது, பேச்சுப் பிரியவில்லை என்று கழற்றிவைத்துவிட்டாள். நாங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறோம். சின்னவளின் பழைய சிலேட்டு. போன் அடிப்பது கேட்காமல் அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியாமல்தான் அத்தான் அதைத் திருப்பிக் கொடுத்தார். ஊசி உடைந்தது தெரியாததும் அதனால்தான். முன்பெல்லாம் மிஷின் சத்தம் மாறினாலே கையை எடுத்துவிடுவாள், உனக்குத் தெரியுமே.

உனக்கு எழுதப் பேனாவை எடுத்த அன்றே தடுத்துவிட்டாள். “அவகிட்ட சொல்லாதே. நான் கோவத்துல சொன்னது. சாமி அதை அப்படியே எடுத்துக்கிட்டார். அவ பாட்டாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு அவ நினைச்சிடுவா. அப்புறம் எப்படிப் பாடுவா?” என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதை இன்று உடைக்கிறேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூச்சும், ஐந்தாவது பாட்டின் ஓட்டமும் அம்மா சொன்னதல்ல. முதல் கேசட்டுக்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுத மனம் வரவில்லை. துணி மடிக்கும்போது எனக்குத் தோன்றியதை அவள் பெயரில் எழுதினேன். அடுத்ததில் நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். நீ அவ்வளவு சந்தோஷப்பட்டு எழுதினாய். எனக்குச் சங்கீதம் என்ன தெரியும்? தாளம் தெரியாது, சுருதி தெரியாது. என் வாயால் வந்ததை நம்பி நீ பாட்டையே மாற்றியிருக்கிறாய்.

ஒன்பதாவதற்கு மட்டும் பொய் எழுத எனக்குத் துணிச்சல் இருந்திருக்காது. அதனால்தான் நான் வரும்வரை அனுப்பாதே என்றேன். நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டன.

உன் அக்கா

மே 15

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐந்து வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நலம் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. உங்களுக்குக் காது கேட்காத ஒன்றரை வருஷமும் நான் இங்கே காதிலேயே வாழ்ந்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் முனகுகிறது, பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று.

அக்காவைக் கோபிக்காதீர்கள். அவள் சொன்னதில் தாளம் இல்லை, சுருதி இல்லை, ஆனால் அவள் சொன்ன இடங்களில்தான் பாட்டு பாட்டானது. தொகுப்பின் உறையில் பாடியவர், வாசித்தவர், பதிவு செய்தவர் என்று வரும். அதற்குக் கீழே ‘கேட்டவர்: அக்கா’ என்று போடச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது பாட்டையும் என் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசித் தாளில் அந்தப் பாட்டு.

‘தெருவுக்கெல்லாம் பொத்தான் தைக்கிற கை
ஒரு சட்டைக்கு மட்டும் ஓய்ந்துபோச்சு.
தைத்துவிட்டால் சட்டை முழுசாகிவிடும்,
முழுசானால் மடித்துவைக்க வேண்டிவரும்.’

இப்போது எழுத்தில் இருக்கிறது. என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். அச்சுக்கூடத்தில் இருபத்தெட்டாம் தேதிவரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நான் நேரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களோ என்று இன்னமும் பயமாக இருக்கிறது. அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன்.

உங்கள் மகள்

மே 22

அன்பு மகளுக்கு,

ஆசீர்வாதம். உடம்பு சுகம். காது ஒன்றைத் தவிரக் குறை சொல்ல எதுவுமில்லை. உன் அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை, அதாவது அவள் எழுதிய சிலேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவளே சிலேட்டை என் மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

ஒன்பதையும் படித்தேன். பாட்டைப் படிக்கும்போது உன் குரலைப் போட்டுக்கொண்டு படிக்கப் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது பழைய குரல்தான். ஸ்கூல் விட்டு வந்து கத்துவாயே, அது. அப்புறம் கடைசியாக வாசலில் “சரி” என்றாயே, அது. அதுதான் நான் கடைசியாகக் கேட்ட உன் குரல். அதை வைத்துக்கொண்டு ஒன்பது பாட்டையும் பாடவைக்க முடியவில்லை. இருந்தாலும் தினம் பார்க்கிறேன்.

அன்றைக்கு நான் கோபப்பட்டது வீட்டு விஷயத்தை வெளியே பாடினாய் என்று இல்லை. அப்படி நினைத்துக்கொண்டுதான் நீ போனாய். நானும் அதைத் திருத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

அந்தப் பட்டன் தானாக விழவில்லை. அன்று காலையில் உங்கப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே வேலைக்குக் கிளம்பினார். “இன்னிக்குப் போகாதீங்க” என்றேன். கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். பட்டன் என் கையோடு வந்துவிட்டது. “பார்த்தியா, தைக்கிறவளே பிய்ச்சுட்ட. வந்து தச்சுக்கலாம் விடு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எப்படியாவது போய்த் தொலைங்க” என்றேன். பதினோரு மணிக்கு அவர் வேலை பார்த்த அச்சகத்திலிருந்து ஆள் வந்தது.

அந்த மாடியில் நீ பாடியபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்து அழுதார்கள். எப்பேர்ப்பட்ட மனைவி என்று ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிய்த்த கையை. அதைத் தாங்க முடியாமல்தான் உன் மேல் எரிந்து விழுந்தேன். இரண்டு முறை கோபத்தில் வாயைத் திறந்தேன். இரண்டும் நடந்துவிட்டது. மூன்றாவது முறை நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை, வேண்டிக்கொள்வதோடு சரி.

உன் பாட்டைப் போட்டுக்கொள். இந்தத் தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு ஒரு சொல்லையும் மாற்றிவிடாதே. அதில் வருகிற அம்மா என்னைவிட நல்லவள். அவள் அப்படியே இருக்கட்டும்.

பட்டன் மிஷின் இழுப்பறையில், நூல்கண்டு டப்பாவுக்குள் இருக்கிறது. யாருக்கும் காட்டியதில்லை. நீ வந்தால் காட்டுகிறேன்.

வரும்போது கதவைத் தட்டிக்கொண்டு வெளியே நிற்காதே. எனக்குக் கேட்காது, திறக்கவில்லையே என்று நீ திரும்பிப் போய்விடுவாய். பகலில் தாழ்ப்பாள் போடுவதில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வா.

அம்மா